முடிச்சுப் போட்ட பழைய ஸ்லிங்கை வாங்கலாமா?

பாறை ஏறுவதற்கான பழைய காராபினர்களோடு (கயிறு மாட்டும் உலோகக் கொக்கிகள்) முடிச்சுப் போட்ட நைலான் ஸ்லிங்கும் (வளையமாகக் கட்டிய நாடா) தருகிறார்கள், அப்படியே மாட்டிக்கொண்டு ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

நாடாவில் வழக்கமாகப் போடுவது வாட்டர் நாட் என்ற முடிச்சு. எடை ஏறி இறங்க ஏறி இறங்க அதன் வால், அதாவது முடிச்சுக்கு வெளியே நீளும் நுனி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நழுவும், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் முடிச்சு இறுக்கமாகத்தான் தெரியும். இரண்டு வாலும் 7, 8 சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். வாலை டேப் சுற்றி மறைத்திருந்தால் இன்னும் மோசம், நழுவியதே தெரியாது.

முடிச்சை முழுசாக அவிழ்த்துப் பாருங்கள்: உள்மடிப்பு பளிச்சென்றும் மற்ற இடம் வெளுத்தும் இருந்தால் வெயில் தின்ற நைலான், வாங்காதீர்கள். டைனீமா என்ற செயற்கை இழை நாடா வழுக்கும், அதில் இந்த முடிச்சே கூடாது. நீங்களே விற்பதாக இருந்தால் உலோகச் சாமானை மட்டும் விற்றுவிட்டு ஸ்லிங்கை வெட்டிப் போடுங்கள்.