இடைக்கிடை ஓட்டோகுரொஸ் ஓட, விட்ஸ் மாதிரிச் சின்னக் காருக்கு எந்த டயர் பூட்டலாம்?

கேள்வி: கல்முனையில் இருக்கிறேன். கார் 2008 விட்ஸ், 1000 சிசி. வருடத்துக்கு மூன்று நாலு தடவை கோன் வைத்து நேரம் பிடிக்கிற ஓட்டோகுரொஸ் ஓட ஆசை. வேலைக்குப் போவதும் இதே காரில்தான். செலவு கூடாமல் என்ன டயர் போடலாம்?

பதில்:

தரை எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓட்டோகுரொஸ் என்ற ஒரே பேரில் இரண்டு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்காவில் அது தார் அல்லது கொங்கிரீட் வெளியில் கோன் வைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பது. இங்கிலாந்தில் அதே பேரைப் புல்லிலும் மண்ணிலும் ஓடுவதற்குச் சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் வீடியோவில் புகழும் டயரை வாங்கிவந்து நம்முடைய கிரவல் வெளியில் ஓடினால் காசுதான் கரி. தார்த் தரை என்று வைத்து முதலில் சொல்கிறேன். கிரவலுக்குக் கீழே வருகிறேன்.

விட்ஸுக்குக் கம்பனி போட்டு வந்த அளவு 165/70 ஆர் 14. அதாவது அகலம் 165 மில்லிமீற்றர், பக்கச் சுவர் உயரம் அகலத்தில் 70 வீதம், ரிம் விட்டம் 14 அங்குலம். இதில் பக்கச் சுவர் 115 மில்லிமீற்றருக்கு மேல் உயரம். கூர்மையாக வெட்டும்போது அந்தச் சுவர் மடிந்து, டயரின் தோள்பட்டை, அதாவது சுவர் தொடங்கும் ஓரம், தரையில் உரசும். ஸ்டியரிங் திருப்பிக் கொஞ்சம் பிந்தித்தான் கார் திரும்புவதும் அதனால்தான். ரிம்மை மாற்றாமல் போடக்கூடிய நல்ல அளவு 175/65 ஆர் 14. மொத்த விட்டத்தில் மூன்று நாலு மில்லிமீற்றர்தான் குறையும், 5 அங்குல அகல ரிம்மில் ஒழுங்காக இருக்கும். 185/60 ஆர் 14 போட்டால் பிடி இன்னும் கூடும். ஆனால் அந்த அளவுக்கு 5 அங்குலம்தான் ஆகக்குறைந்த ரிம் அகலம். ஒடுங்கிய ரிம்மில் அகல டயர் வெளியே பிதுங்கி நிற்கும், சுவர் பழையபடி ஆடும். 5.5 அங்குல ரிம் கிடைத்தால் மட்டும் அதை யோசியுங்கள். பழைய டயரில் உள்ள சுமை எண்ணை (டயர் தாங்கும் பாரத்தைக் காட்டுவது) விடக் குறைந்த எண் வேண்டாம். ஒரே அளவில் வேகக் குறியீடு (டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் ஆங்கில எழுத்து) டி (T), எச் (H) இரண்டும் இருந்தால் எச் எடுங்கள். பொதுவாக அதன் உடம்பு விறைப்பானது.

இனி ரப்பர். ட்ரெட்வெயார் என்று பக்கச் சுவரில் ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறைய, பொதுவாக ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். நாங்கள் அன்றாடம் ஓடும் சிக்கன டயர்களில் அது 400க்கும் 600க்கும் இடையில் இருக்கும். அமெரிக்கப் போட்டிகளில் வீதி டயர் வகுப்புக்கு ஆகக்குறைந்த எண் 200. யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்ஈ71ஆர்எஸ் எல்லாம் அந்த இனம். வருடத்தில் நாலு நாளுக்காக அதை வாங்காதீர்கள். தினசரி ஓட்டத்தில் வேகமாகத் தேயும், தேயத்தேய மாரி வெள்ளத்தில் மிதக்கவும் தொடங்கும். 300க்கும் 400க்கும் இடையில் உள்ள நல்ல கம்பனி டயர் உங்களுக்குப் போதும். அந்த எண்ணைக் கம்பனியே சோதித்துப் போடுவதால் இரண்டு கம்பனிகளை அதை வைத்து மட்டும் ஒப்பிட வேண்டாம். ஜப்பானில் பாவித்து வந்த சில டயர்களில் அந்த எண்ணே இராது.

எண்ணை விட வயது முக்கியம். பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நம்முடைய வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். ஐந்தாறு வருடம் கடந்த டயரில் பூ (தரையில் படும் வெட்டுக் கோலம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வாங்காதீர்கள். பூவின் ஒரு கட்டியில் பெருவிரல் நகத்தை அழுத்துங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் உள்வாங்கி, மெதுவாக நிமிரும். பிளாஸ்டிக் மாதிரி நகம் வழுக்கினால் அது வீதிக்கே ஆகாது. கட்டிகளின் அடியில் மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தாலும் அப்படித்தான்.

செலவு குறைக்க ஒரு வழி உண்டு. புது டயரில் பூ 7, 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். அந்தக் கட்டிகள் வளைவில் நெளிவதால் பிடி குறையும். இப்போது காரில் இருக்கும் டயர் வயது குறைவாக, 3 அல்லது 4 மில்லிமீற்றர் மிச்சமாக இருந்தால், காய்ந்த தாரில் புதிதை விட அது நன்றாக ஓடும். தேய்வு காட்டும் மேடு 1.6 மில்லிமீற்றரில் இருக்கிறது; அதைத் தொட்டதும் கழற்றிவிட வேண்டும்.

முன் சில்லு இழுக்கிற கார்தானே என்று நல்ல டயர் இரண்டை முன்னுக்கு மட்டும் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோன்களுக்கு நடுவே வளைந்து போகும்போது முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வீசும். மைதானத்தில் சுழன்றால் நேரம்தான் போகும். மழையில் வீடு திரும்பும்போது அதே வீச்சு ஆளைக் கொல்லும். நாலும் ஒரே டயர், ஒரே தேய்வு.

அடுத்தது காற்று. காசில்லாமல் நேரம் குறைக்கிற வழி இதுதான். சிக்கன டயரில் முன்னுக்கு 38, பின்னுக்கு 35 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்குங்கள். பக்கச் சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. பல டயர்களின் தோள்பட்டையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அதன் மேல் பூவிலிருந்து சுவர் வரை வெண்கட்டியால் அகலமாகப் பூசி, ஒரு ஓட்டம் ஓடிவந்து பாருங்கள். முக்கோணத்தின் நுனி வரை வெண்கட்டி அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டிச் சுவரில் அழிந்திருந்தால் காற்று குறைவு, 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். பூவின் ஓரத்திலேயே வெண்கட்டி மிச்சமிருந்தால் 2 இறக்குங்கள். முன் இரண்டும் சரியான பிறகும் கார் திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போனால், பின் டயரில் 2, 3 ஏற்றிப் பாருங்கள். பின்பக்கம் வீசினால் அதைக் குறையுங்கள். நல்ல அமுக்கமானி ஒன்று சொந்தமாக வேண்டும், கடைக்குக் கடை மானி வேறு வேறு காட்டும்.

கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் மத்தியானத் தார் நெருப்பாகக் கொதிக்கும். சூடு கூடக் கூட டயருக்குள் அமுக்கமும் ஏறும், கிட்டத்தட்ட 5, 6 பாகை செல்சியசுக்கு 1 பிஎஸ்ஐ. ஒரே காரை இரண்டு பேர் மாறிமாறி ஓடினால் ரப்பர் ஆறவே நேரமிராது, வழுக்கத் தொடங்கும். வயலுக்குப் பாவிக்கும் கைப்பம்பி ஸ்பிரேயர் ஒன்றில் தண்ணீர் எடுத்துப் போய், ஓட்டங்களுக்கு இடையில் டயரின் மேல் மெல்லிய துளியாகத் தூவுங்கள். களைநாசினி அடித்த பழைய ஸ்பிரேயர் வேண்டாம். கடற்கரைப் பக்கத் தார் வெளிகளில் மணல் படிந்திருக்கும். வளைவுகளையாவது கூட்டிவிட்டு ஓடுங்கள். மணலில் எந்த விலை டயரும் பிடிக்காது.

கிரவல் தரை என்றால் கணக்கு தலைகீழ். ஒடுங்கிய டயர் தூசியைக் கிழித்து இறுகிய தரையைப் பிடிக்கும். அதனால் 165/70ஐ மாற்றவே வேண்டாம். அல்டோ கார் வைத்திருப்பவர்களுக்கு அதன் 145/80 ஆர் 12 கூட இங்கே நல்ல டயர். பூ ஆழமாகவும் கட்டிகளுக்கு இடைவெளி விட்டும் இருக்க வேண்டும், தேய்ந்தது உதவாது. காற்றைக் கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவிலேயே வையுங்கள். பிடிக்கு என்று 25க்குக் கீழே இறக்கினால் சறுக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்று காற்று போய்விடும்.

ஓடும் நாளில் விட்ஸின் சில்லு நட்டுகளை 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். ஓடி முடித்துத் திரும்பவும் பாருங்கள். டயரின் உள்பக்கத்தில் வெட்டு, வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சூடான டயரில் 32 என்று வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், விடியத் தணிந்த பிறகு 28 தான் காட்டும். அதனால் வேலைக்குப் போகும் முன், கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது நாலையும் ஸ்டிக்கர் அளவுக்குத் திரும்ப நிரப்புங்கள்.