மரம் நட்டு போட்டோ போட்டால் லாபம் வருமா?

கேள்வி: நானும் தம்பியும் சேர்ந்து அட்டைப்பெட்டி தயாரிக்கும் கம்பெனி நடத்துகிறோம். 80 பேர் வேலை பார்க்கிறார்கள். எங்களிடம் அதிகமாகச் சரக்கு எடுக்கும் பெரிய நிறுவனம், எங்களுடைய சமூகப் பொறுப்புப் பணிகள் என்னென்ன என்று கேட்டு நீளமான கேள்வித்தாள் ஒன்றை அனுப்பியிருக்கிறது. தம்பி, "அக்கா, கொஞ்சம் மரம் நட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப்புத்தகம் கொடுத்து, போட்டோவை வெப்சைட்டில் போட்டால் வேலை முடிந்தது" என்கிறான். கணக்குப் பார்க்கும் பெரியவர், "வியாபாரத்தின் வேலை லாபம் பார்ப்பது, தர்மம் செய்வது இல்லை" என்கிறார். சிஎஸ்ஆர் என்கிற இந்தச் சமூகப் பொறுப்புப் பணிகளைச் செய்வதால் உண்மையிலேயே லாபம் உண்டா, இல்லை எல்லாம் பெரிய கம்பெனிகளின் பந்தாவா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரி,

லாபம் உண்டு, ஆனால் உங்கள் தம்பி தேடுகிற இடத்தில் இல்லை. பெரியவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் முதலில் அவரையே எடுத்துக்கொள்கிறேன். அந்த வாதத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். சட்டத்துக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் வியாபாரத்தின் சமூகப் பொறுப்பு என்று 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் அடித்து எழுதினார். தலைப்போடு நிறுத்திக்கொண்டவர்கள் இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதே கட்டுரையில், சின்ன ஊரில் நிறையப் பேருக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் அந்த ஊருக்கு வசதி செய்துகொடுப்பது அதன் நீண்டகால நலனுக்கே நல்லதாக இருக்கலாம், நல்ல ஆட்கள் வேலைக்குக் கிடைப்பார்கள், சம்பளச் செலவும் திருட்டும் நாசவேலையும்கூடக் குறையலாம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அவருடைய கோபமெல்லாம், சொந்த லாபத்துக்காகச் செய்துவிட்டு அதைத் தியாகம் மாதிரிக் காட்டிக்கொள்வதன் மேல்தான். பெரியவருக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள், பாதி சண்டை ஓய்ந்துவிடும்.

மறுபக்கம், சிஎஸ்ஆர் செய்தால் விற்பனை எகிறும் என்று யாராவது கலர் கலராகப் பிரசன்டேஷன் காட்டினால் கைகுலுக்கி வழியனுப்பிவிடுங்கள். மார்கோலிஸ், எல்ஃபென்பைன், வால்ஷ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007இல், அதற்கு முந்தைய 35 ஆண்டுகளில் வந்த 167 ஆய்வுகளைக் கூட்டிவைத்துப் பார்த்தார்கள். பொறுப்பாக நடப்பதற்கும் லாபத்துக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் சின்னத் தொடர்புதான். அதிலும், நல்லது செய்ததால் லாபம் வந்தது என்பதற்கு எவ்வளவு ஆதாரம் உண்டோ, ஏற்கெனவே லாபம் இருந்ததால் நல்லது செய்ய முடிந்தது என்பதற்கும் குறைந்தபட்சம் அவ்வளவு ஆதாரம் இருக்கிறது. ஆக, பொத்தாம்பொதுவாக "சிஎஸ்ஆர் லாபம் தரும்" என்று சொல்ல முடியாது. உங்கள் கம்பெனியில் எந்த வேலை, எந்தச் செலவைக் குறைக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்களைப் போன்ற கம்பெனிக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி ஆட்களிடம்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டி மடிப்புக் கோடு போடும் டை கட்டிங் மிஷினில் பல வருடம் கை பழகிய ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் போதவில்லை என்பது மட்டுமே எப்போதும் காரணமாக இருக்காது. ஓவர்டைம் காசு எந்தத் தேதிக்கு வரும் என்று தெரியாது, மிஷினின் பாதுகாப்பு மூடி கழன்று மூலையில் கிடக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார், ஒருநாள் போய்விடுகிறார். புது ஆள் வருகிறார். அழுத்தம் எவ்வளவு வைப்பது என்று பிடிபடாமல் மடிப்புக் கோட்டிலேயே அட்டை கிழிகிறது, ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகிறது, பக்கத்து மிஷின்காரர் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து சொல்லிக்கொடுக்கிறார், டெலிவரி தள்ளிப்போகிறது. இந்த நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் தனி வரியாக வரவே வராது. காகிதச் செலவில் கொஞ்சம், ஓவர்டைமில் கொஞ்சம், லாரி வாடகையில் கொஞ்சம் என்று பிரிந்து ஒளிந்துகொள்ளும். போன வருடம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், ஒவ்வொருவர் இடத்தையும் நிரப்பிப் பழக்க எவ்வளவு ஆனது என்று பெரியவரையே உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு, மிஷினுக்கு மூடி போடுவதையும் ஓவர்டைமைத் தேதி தவறாமல் கொடுப்பதையும் அவர் தர்மம் என்று சொல்ல மாட்டார்.

கழிவும் அப்படித்தான். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975இல், மாசு வெளியே வந்தபிறகு சுத்தம் செய்வதைவிட அது உருவாகாமலே தயாரிப்பு முறையை மாற்றுவது மலிவு என்று ஒரு திட்டம் தொடங்கியது. கழிவு என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி விற்க முடியாமல் போன மூலப்பொருள், அதைத் தூக்கிப்போடவும் இன்னொரு முறை காசு கொடுக்கிறீர்கள். 3எம்முக்கு இதில் பெரிய சேமிப்பு கிடைத்தது, மேலாண்மைப் பாடங்களில் உதாரணமும் ஆனது. இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும்! ஆனால் அதே 3எம் தயாரித்துவந்த, எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் குடிநீரில் கலந்த வழக்கில், அமெரிக்கக் குடிநீர் அமைப்புகளுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் கொடுக்க 2023இல் சம்மதித்தது. பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துச் சேமித்த கம்பெனிக்கே, கவனிக்காமல் விட்ட ஒரு மூலையிலிருந்து அவ்வளவு பெரிய பில் வந்தது. உங்கள் அளவில் இது பசையும் அச்சு மையும் கழுவிய தண்ணீர். அது எங்கே போகிறது என்று இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள்.

இனி அந்தக் கேள்வித்தாளுக்கு வருகிறேன். உங்கள் வாடிக்கையாளர் திடீரென்று நல்லவராகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், அவருக்குப் பயம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்துவிட்டது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன, மேலே தையல் வேலை பார்த்தவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச்சொன்னார்கள். இடிபாடுகளில் வெளிநாட்டு பிராண்டுகளின் லேபிள்கள் கிடந்தன, "அது எங்கள் தொழிற்சாலை இல்லை, சப்ளையர்தான்" என்ற பதிலை யாரும் ஏற்கவில்லை. அதன்பிறகு 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, குறைகளைச் சரிசெய்யாத தொழிற்சாலைகள் ஆர்டரை இழந்தன. அந்தப் பயம் துணியோடு நிற்கவில்லை, இப்போது அட்டைப்பெட்டிக்கும் வந்திருக்கிறது. கேள்வித்தாளில் என்ன இருக்கும் என்று நான் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடுவேன்: வேலை நேரப் பதிவேடு, வயதுச் சான்று, தீ விபத்து வந்தால் வெளியேறும் வழி, கழிவை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதற்கு ரசீது, நீங்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளின் விவரம். மரம் எத்தனை நட்டீர்கள் என்பது இருந்தால் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லும் நிலையில் இருப்பது உங்கள் மிகப்பெரிய ஆர்டரைக் காப்பாற்றும், சிஎஸ்ஆரின் வியாபார லாபம் என்று கேட்டீர்களே, இதைவிட நேரடியாக எதைக் காட்டுவது?

தம்பியின் போட்டோ திட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபிலிப் மாரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் 1999இல் நன்கொடைகளுக்கு 7.5 கோடி டாலர் செலவழித்துவிட்டு, அதை ஊருக்குச் சொல்லும் விளம்பரத்துக்கு 10 கோடி டாலர் செலவழித்ததாகப் பேசப்பட்டது. அந்த நன்கொடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று அதைக் கேலியாகத்தான் பேசுகிறார்கள். அதைவிட மோசம் ஃபோக்ஸ்வாகன். நிறுவனங்கள் எவ்வளவு பொறுப்பாக நடக்கின்றன என்று மதிப்பிடும் டோ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு 2015 செப்டம்பரில் அதைக் கார் துறையில் முதலிடத்தில் வைத்தது, சில நாட்களிலேயே டீசல் கார்களில் மாசுப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்திருந்தது வெளியே வந்தது, அடுத்த மாதம் குறியீட்டிலிருந்தே தூக்கிவிட்டார்கள். நல்ல பெயர் எவ்வளவு உயரமோ, விழும்போது அடியும் அவ்வளவு பலம். தொழிலாளிக்கு ஓவர்டைம் பாக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நோட்டுப்புத்தகம் கொடுக்கும் போட்டோ போட்டால், முதல் கமென்ட் உங்கள் தொழிலாளியிடமிருந்துதான் வரும்.

இன்னொன்று, சிஎஸ்ஆர் ஆலோசகர்கள் என்று சிலர் இனி உங்களைத் தேடி வருவார்கள். அவர்களில் யாராவது ஐஎஸ்ஓ 26000 சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றால் உஷார். 2010இல் வந்த அந்தத் தரநிலை சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டி மட்டும்தான், அதற்குச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது, சான்றிதழுக்கானது இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001க்கு உண்டு, வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் அதை யோசியுங்கள். வழிகாட்டியை வாங்கிப் படிப்பதில் தப்பில்லை, கொஞ்சம் வறட்சியாக இருக்கும்.

கேள்வித்தாளை நிரப்பும்போது இல்லாததை இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் ஆள் அனுப்பிச் சரிபார்க்கும்போது, குறை இருப்பதைவிடப் பொய் சொன்னதுதான் ஆர்டரைக் காலி செய்யும். "இன்னும் இல்லை, இன்ன தேதிக்குள் செய்துவிடுவோம், பொறுப்பு இன்னார்" என்று எழுதுங்கள், பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அந்தத் தேதியைக் கட்டாயம் கேட்பார்கள். பொறுப்பு இன்னார் என்ற இடத்தில் தம்பியின் பெயரைப் போடுங்கள், அவனுக்கு ஆர்வம் இருக்கிறது, வெளியேறும் கதவுக்கு முன்னால் அட்டை பண்டல் அடுக்கியிருந்தால் அதை நகர்த்துவதிலிருந்து தொடங்கட்டும். மரம் நட ஆசைப்பட்டால் நடட்டும், நட்ட பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் அதே பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்.