பள்ளி மாறி 2 மாதம் ஆகியும் என் மகள் யாருடனும் ஒட்டவில்லை, வீட்டில் எரிந்து விழுகிறாள். என்ன செய்வது?

உங்கள் மகளுக்கு 14 வயது, விருப்பமாக வரைந்துகொண்டிருந்த படங்களையும் இப்போது தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியராக, நடுவில் வந்து சேரும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

அவள் தோழிகளை இழந்த துக்கத்தில் இருக்கிறாள். "விடு, புதுசா ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்க" என்று நாம் ஆறுதலாகத்தான் சொல்வோம். அவளுக்கோ தன் துக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்றே படும். பழைய தோழிகளோடு போனில் பேசினால் பேசட்டும். அந்த உறவு அறுந்தால்தான் புதியது வரும் என்பதில்லை.

பாடவேளை எப்படியோ ஓடிவிடும். புதிதாக வந்த பிள்ளைக்குக் கொடுமையானது மதிய இடைவேளைதான். யார் பக்கத்தில் உட்காருவது, தனியாகச் சாப்பிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை காலையிலேயே தொடங்கிவிடும். எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று தோன்றுகிற வயது வேறு. பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்றால் நடிப்பு என்று நினைக்காதீர்கள். பதற்றத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

வகுப்பாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். என் வகுப்பில், புதுப் பிள்ளையை எல்லோர் முன்பும் நிறுத்தி அறிமுகப்படுத்த மாட்டேன். இன்னொரு மாணவியோடு சேர்ந்து செய்யும்படி ஏதாவது வேலை கொடுப்பேன். அறிவிப்புப் பலகைக்குப் படம் வரைவது உங்கள் மகளுக்குப் பொருந்தலாம். ஒரே ஒரு தோழி கிடைத்தாலும் இடைவேளை பயம் பெருமளவு குறைந்துவிடும்.

மதிப்பெண் குறைந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தூக்கத்தை விடாதீர்கள், இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். யாராவது கேலி செய்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்றும் நேராகக் கேளுங்கள்.

எனக்குக் கவலை தருவது அவள் வரைவதை நிறுத்தியதுதான். பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வரும். எரிச்சலும் ஆர்வமின்மையும் 2 வாரத்துக்கு மேல் அநேகமாக தினமும் இருந்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பது நல்லது. நானாக இருந்தால் இந்த வாரமே அழைத்துப் போவேன். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என அவளிடம் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, உடம்பில் காயப்படுத்திக்கொண்ட தடம் தெரிந்தாலோ, தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.