கிரேட் 2ன்னு ரிப்போர்ட் வந்தா நாய்க்கு எவ்வளவு நாள்?

அல்சூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "எங்க லேப்ரடார் மணிக்கு 8 வயசு. பின்னந்தொடைல கொட்டைப்பாக்கு சைஸுக்கு கட்டி, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. ரிப்போர்ட்ல மாஸ்ட் செல் ட்யூமர், கிரேட் 2ன்னு இருக்கு. ஆறு மாசம்தான்னு சொல்லிட்டாங்க, அம்மா சரியா சாப்பிடவே மாட்டேங்கறாங்க. நிஜமா எவ்வளவு நாள் டாக்டர்?"

தம்பி, மொதல்ல அம்மாவை சாப்பிட வைங்க. கிரேட் 2ங்கற ஒரு வார்த்தையை மட்டும் பாத்து ஆறு மாசம்னு நாள் குறிக்கவே முடியாது, எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா இங்க பெங்களூர்ல இதே மாதிரி பயந்து போய் வர்ற குடும்பங்களை நான் அடிக்கடி பாக்கறேன்.

விஷயம் என்னன்னா, மாஸ்ட் செல் ட்யூமர்ங்கறது நாய்ங்களுக்கு தோல்ல வர்ற ஒரு வகை கேன்சர், அது எவ்வளவு பொல்லாததுன்னு சொல்றதுதான் கிரேட். அந்த 1, 2, 3 கிரேட் 1984ல பட்னாயக்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு கொண்டு வந்தது. நிறைய கட்டி நடுவுல இருக்கற 2லயே போய் விழுந்துடும், அதுல சாதுவானதும் இருக்கும், பொல்லாததும் இருக்கும். அதனாலதான் 2011ல கியூபெல் குழு ரெண்டே பிரிவா மாத்தினாங்க, லோ, ஹை அவ்வளவுதான். அவங்க ஆய்வுல ஹை கிரேட் நாய்ங்களோட மீடியன் ஆயுசு 4 மாசத்துக்கும் கம்மி, லோ கிரேடுக்கு 2 வருஷத்துக்கு மேல. மீடியன்னா பாதி நாய்ங்க அதைவிட அதிகமா இருந்துச்சுன்னு அர்த்தம், கடைசி தேதின்னு இல்ல.

இப்ப ரிப்போர்ட்டை எடுத்து கீழ மைக்ராஸ்கோப்ல பாத்ததை விவரிச்சு எழுதியிருப்பாங்களே அந்த பத்தியைப் படிங்க, எல்லாரும் மேல இருக்கற பெரிய எழுத்தை மட்டும் பாத்துட்டு அதை விட்டுடறாங்க. அதுல மைட்டோடிக் கவுண்ட்னு ஒரு நம்பர் இருக்கும், அதாவது அதிக பவர்ல 10 இடம் பாத்ததுல எத்தனை செல் பிரிஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு. 7 இல்ல அதுக்கு மேலன்னா அது ஒண்ணே ஹை கிரேட் ஆக போதும். ஒரே செல்லுக்குள்ள நிறைய நியூக்ளியஸ், கோணல்மாணலா இல்ல ரொம்ப பெருசா வீங்கின நியூக்ளியஸ், இதெல்லாமும் அதுக்கான அடையாளம்தான். 2007ல வந்த இன்னொரு ஆய்வுல கவுண்ட் 5 வரைக்கும் இருந்த நாய்ங்களோட மீடியன் 70 மாசம், 5க்கு மேல போனதுங்களுக்கு 2 மாசம். எவ்வளவு வித்தியாசம் பாருங்க, ஆனா ரெண்டுலயுமே பழைய கணக்குல கிரேட் 2ன்னு எழுதினது இருக்கலாம். நம்பரே எழுதலைன்னா லேப்ல கேளுங்க, பாரஃபின் பிளாக்ல, அதாவது மெழுகுல பதிச்சு, கட்டியோட துண்டு வச்சிருப்பாங்க, மறுபடி ஸ்லைடு போட்டுப் பாக்க சொல்லலாம். கேக்கறதுல தப்பே இல்ல.

அடுத்தது லிம்ப் நோட், அதாவது நிணநீர் கணு, கேன்சர் செல் பரவினா போய் தங்கற இடம், இதை ரொம்ப பேர் மறந்துடறாங்க. முட்டிக்குப் பின்னாடியும் தொடை இடுக்குலயும் தொட்டுப் பாத்து வீக்கம் இல்லன்னு விட்டுடக் கூடாது, சாதாரண சைஸ்ல இருக்கற நோட்லயும் செல் போய் உக்காந்திருக்கலாம், அதனால ஊசி போட்டு எடுத்து பாக்கணும். வயித்துக்கு ஸ்கேனும் எடுத்துடுங்க, பரவினா ஈரல், மண்ணீரல் பக்கம் போகும். மார்ஜின், அதாவது வெட்டி எடுத்ததோட ஓரம், கேன்சர் செல் இல்லாம சுத்தமா வந்துச்சான்னும் பாருங்க, ஆனா மார்ஜின் சுத்தம்ங்கறதால மட்டும் ஹை கிரேட் லோ ஆயிடாது. முடிஞ்சா கி-67 (செல் எவ்வளவு வேகமா பெருகுதுன்னு காட்டும்), சி-கிட் (கட்டியை வளர வைக்கற ஜீன் மாற்றம் இருக்கான்னு பாக்கும்) டெஸ்ட்டும் கேளுங்க, சந்தேகமான கேஸ்ல அதுங்க நல்லா உதவும்.

லோ கிரேட், மார்ஜின் க்ளீன், நோட் க்ளீன்னு வந்தா பெரும்பாலும் கீமோ தேவைப்படாது. ஹைன்னு வந்தாலும் கை விட்டுடாதீங்க, வின்பிளாஸ்டின், பிரட்னிசலோன், டோசெரனிப்னு மருந்தெல்லாம் இருக்கு, கேன்சர் பாக்கற கால்நடை டாக்டர் யாரையாவது பாருங்க, ஹெப்பால்ல வெட்னரி காலேஜ்லயும் போய் கேக்கலாம்.

இன்னொண்ணு, இனிமே உடம்புல எங்க புது முடிச்சு வந்தாலும் அழுத்தவோ பத்து போடவோ வேணாம். இந்த மாஸ்ட் செல்லுக்குள்ள ஹிஸ்டமின்னு அலர்ஜில வீக்கம் வர வைக்கற ரசாயனம் இருக்கு, நோண்டினா சுத்தி சிவந்து பொங்கிடும், அப்புறம் தானா வத்தும், வத்தினதைப் பாத்து சரியாயிடுச்சுன்னு நிறைய பேர் ஏமாந்துடறாங்க. வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம் வந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க, வயித்துல புண்ணு வந்திருக்கலாம்.

ரிப்போர்ட்டோட எல்லா பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, அந்த கவுண்ட் என்னன்னு பாத்துட்டு மணியோட விஷயத்தை மட்டும் தனியா எழுதறேன்.