கதிர்சிகிச்சை நடக்கும்போதே கீமோ எதற்கு?

மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை பெறும் அப்பாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இது வழக்கமான சேர்க்கைதான்.

கதிர் டிஎன்ஏ இழைகளை அறுக்கும். செல் சில மணி நேரத்தில் அதை ஒட்டவைக்கப் பார்க்கும். சிஸ்பிளாட்டினின் பிளாட்டினம் அணு டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானின்களை, பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றைப் பிணைத்து முடிச்சுப் போட்டுவிடுவதால் பழுதுபார்ப்பு தடுமாறும். அதே 70 கிரே (கதிர் அளவின் அலகு) கதிர் கூடுதல் செல்களைக் கொல்லும். சிஸ்பிளாட்டினின் வழக்கமான அளவு, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு வாரம் 40 மில்லிகிராம், அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100.

ஆக்சிஜன் குறைந்த கட்டிப் பகுதி இன்னும் முரண்டு பிடிக்கும்: இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை. டென்மார்க்கில் அதற்கு, அந்தச் செல்களைக் கதிருக்கு மசியவைக்கும் நிமோரசோல் என்ற மருந்தைத் தருகிறார்கள்.

மருந்துக்குக் கட்டி, நல்ல திசு என்ற பேதம் தெரியாது. வாய்ப்புண் முற்றி கஞ்சிகூட இறங்காமல் போகலாம். சிறுநீரகத்தைக் காக்கத்தான் சலைன் ஏற்றுகிறார்கள். சிஸ்பிளாட்டின் காதையும் பாதிக்கலாம்; காதில் இரைச்சல் கேட்டால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.