எனக்குக் கிடைப்பது கடைசி ஐந்து நிமிடம்

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. கல்லூரியில் மூன்று வருஷம் காதலித்து, இரண்டு வீட்டிலும் போராடிச் சம்மதம் வாங்கி, பங்குனியில் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் ஷார்ஜாவில் கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசர். 40 நாள் லீவு முடிந்து போய்விட்டார். நான் அறந்தாங்கிப் பக்கம் அவர் வீட்டில் அத்தை, மாமா, நாத்தனாருடன் இருக்கிறேன். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி விளக்குப் போடப் போனால் கை ஃபேன் சுவிட்சில் போய் விழுகிறது, இது என் வீடு இல்லையே என்று அழுகை வந்துவிடுகிறது. தினமும் ஒன்பதரைக்கு அத்தையின் போனுக்கு அவர் கூப்பிடுவார். எல்லோரும் பேசி முடித்து என் கைக்கு வரும்போது அவருக்குக் கண் சொக்கும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். படுப்பது நாத்தனாருடன், அதனால் அப்புறமும் பேச வழியில்லை. விடிய விடியப் பேசியவர்கள் அக்கா நாங்கள். அம்மா வீட்டுக்கே போய்விடலாமா? இல்லை, என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லட்டுமா?
- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அந்த ஃபேன் சுவிட்சைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்மா. பிறந்த வீட்டில் இருட்டிலும் கைக்கு எல்லாம் தெரியும். இந்த வீட்டில் உப்பு ஜாடி எது, மோட்டார் சுவிட்ச் எது என்று ஒவ்வொன்றாகக் கை கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதற்குள், நமக்கு இந்த வீடு ஒட்டவே ஒட்டாது என்று முடிவு கட்டிவிடாதே.

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரரும் துபாயில்தான் இருந்தார். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, வெளியே மாமனார் நிற்க, நான் என்ன பேசியிருப்பேன் என்று நினைக்கிறாய்? அதனால் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவோம். அவர் அனுப்பிய ஒரு கேசட்டில், பேச்சுக்கு நடுவே ஏ.சி. இரைச்சலும் பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுவதும் கேட்கும். அந்த இருமலைக்கூட நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். அதனால், இதுக்குப் போய் அழுவார்களா என்று உன்னிடம் நான் கேட்க மாட்டேன்.

போன் விஷயத்தைச் சரிசெய்ய வேண்டியவர் உன் கணவர்தான். அத்தையிடம் நீ போய்க் கேட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும். ராத்திரி உங்களோடு பேசுகிறேன், மத்தியானம் அவளோடு பேசுகிறேன் என்று அவரே தன் அம்மாவிடம் சொல்லட்டும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அங்கே 12.30 என்றால் நமக்கு 2 மணி. உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக் கண் அசரும் நேரம் அதுதானே? மாடிப் படியில் போய் உட்கார்ந்து பதினைந்து நிமிஷம் பேசு, அதற்கு மேல் வேண்டாம், அந்த வெயிலுக்கு அவரும் கொஞ்சம் தலை சாய்க்க வேண்டும். அங்கே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேச முடியாது, போட்டிம் என்ற ஆப்பைப் போட்டுக்கொள். ஆனால் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பலாம், நம்ம கேசட் மாதிரியேதான். பேச எதுவும் தோன்றாத நாளில் கொல்லையில் நின்று குயில் கூவுவதைப் பிடித்து அனுப்பு.

அப்புறம் அத்தை. போனை அவர் சீக்கிரம் விட மாட்டேன் என்கிறார் என்றால், உனக்கு முன்னாலிருந்தே அந்தக் குரலுக்குக் காத்திருந்து பழகியவர் அவர். உங்கள் பிள்ளை முதல்முறை விமானம் ஏறிய அன்று வீட்டுக்கு வந்து என்ன செய்தீர்கள் அத்தை என்று ஒருநாள் கேட்டுப் பாரேன். நைச்சியம் பண்ணச் சொல்லவில்லை. அந்த வீட்டில் உன்னைப் போலவே நாள் எண்ணுகிற இன்னொருத்தி அவர்தான், உனக்கே அது தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

அம்மா வீட்டுக்கு இப்போது அழுதுகொண்டு போக வேண்டாம். யாரும் உன்னைக் கொடுமைப்படுத்தவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்படி ஏதாவது இருந்தால் இந்த நிமிஷமே கிளம்பு என்றுதான் சொல்லியிருப்பேன். இதோ ஆடி வருகிறது, அம்மாவே வந்து சீரோடு அழைத்துக்கொண்டு போவார். மாதம் முழுக்க இருந்துவிட்டு வா.

கூட்டிக்கொண்டு போகச் சொல்வதில் தப்பே இல்லை, ஆனால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. மனைவிக்கு விசா எடுக்க அவருக்கு மாதச் சம்பளம் 4000 திர்ஹாம் வேண்டும், கம்பெனி வீடு கொடுத்தால் 3000 போதும். பெரும்பாலும் இடிப்பது வீட்டு வாடகைதான். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கல்யாணச் செலவில் பாக்கி எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேள், மூன்று வருஷம் காதலித்தவளுக்கு அந்த உரிமை இல்லையா? கல்யாணத்தைப் பதிவு செய்த சான்றிதழ் இருந்தால் இப்போதே எடுத்து வை. அதில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டாலும் அலைச்சல்தான், முதலில் அதைச் சரிபார்.

ஆடி முடிந்து திரும்பியதும் எழுதுமா. அத்தை என்ன சொன்னார் என்று எனக்கும் தெரிய வேண்டும்.