நாடுகளின் எண்ணெய் நுகர்வை உலக வரைபடத்தில் ஒப்பிட்டுக் காட்ட எது நல்ல வழி? எந்த மென்பொருள்?

கல்லூரி ப்ராஜெக்டாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், இன்றைக்கு வெள்ளி. நாடு வாரியாக எண்ணெய் நுகர்வு என்று ஒரு கோப்பு இறக்கி வைத்திருக்கிறீர்கள், வரைபடத்தில் நிறம் அடிக்க வேண்டும். மென்பொருள் எதுவானாலும் சரி. எக்செலிலேயே உலக வரைபடம் வரும், இன்னும் நன்றாக வேண்டுமானால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். நான் அசிங்கப்பட்டது மென்பொருளால் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில், கப்பல்களுக்கு உதிரிபாகம் சப்ளை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புவியியல் படித்தவன் இல்லை. எக்செல் கொஞ்சம் வரும் என்ற ஒரே குற்றத்துக்காக, வாடிக்கையாளர் கூட்டத்துக்கு உலக எண்ணெய் நுகர்வு வரைபடம் ஒன்று போட்டுத் தரச் சொன்னார் மேலாளர். அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் எல்லா நாட்டுக் கணக்கையும் இலவசமாக வைத்திருக்கிறது. எடுத்தேன், ஒட்டினேன், ஐந்து நிறம் கொடுத்தேன். அரை மணி நேர வேலை.

வந்த படத்தைப் பார்த்தால் உலகத்தில் இரண்டே நாடுகள்தான் எண்ணெய் வாங்குகின்றன. அமெரிக்கா ஒரு நாளைக்குச் சுமார் 2 கோடி பீப்பாய், சீனா ஒன்றரைக் கோடிக்கு மேல். (பீப்பாய் என்றால் 159 லிட்டர்.) பூஜ்யத்திலிருந்து 2 கோடி வரை சமமாக ஐந்தாக வெட்டினால் ஒரு படி 40 லட்சம். இந்தியா 50 லட்சம் சொச்சம், கீழிருந்து இரண்டாவது நிறம். ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் எல்லாம் கடைசி நிறத்தில், ஆப்பிரிக்காவின் சாட் நாட்டோடு ஒன்றாக. நடு நிறத்துக்கு ஒரு நாடுகூட இல்லை. தென் கொரியா மட்டும் வெள்ளையாக, எண்ணெயே இல்லாத நாடாக நின்றது. வரைபடக் கோப்பில் 'கொரியக் குடியரசு' என்று இருக்கிறது, என் கோப்பில் 'தென் கொரியா', இரண்டும் பொருந்தவில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒருவர் கொரியாக்காரர். அதையாவது முன்கூட்டியே பார்த்தேனே என்று ஒரு நிம்மதி. நீங்கள் நாட்டின் பெயரை நம்பாதீர்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு (KOR மாதிரி) இருக்கிறது, அதை வைத்துப் பொருத்துங்கள்.

சரி, மொத்தக் கணக்கு போட்டால் பெரிய நாடு எது, மக்கள்தொகை அதிகமான நாடு எது என்பதுதான் தெரிகிறது, அது எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம் என்று, ஆளுக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றினேன். இது நன்றாகவே வந்தது. இந்தியாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. சீனாவில் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. அமெரிக்காவில் ஒன்பதரை. வளைகுடா நாடுகள் பல அதற்கும் மேலே. படத்துக்குக் கீழே 'முதல் பத்து நாடுகள்' என்று ஒரு பட்டியலும் போட்டுவிட்டேன். அதுதான் வினை. இரவு பதினொரு மணிக்கு ஒட்டியது, மேல் வரியை நான் சரியாகக்கூடப் படிக்கவில்லை.

கூட்டத்தில் திரையில் போட்டதும் பழைய கேப்டன் ஒருவர், முப்பது வருடம் கடலில் இருந்தவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "முதல் இடம் சிங்கப்பூர். ஆளுக்கு 35 லிட்டர். என் பங்கை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் தம்பி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. வரைபடத்தில் சிங்கப்பூரைத் தேடினார்கள், தெரியவே இல்லை. உலக வரைபடத்தில் அது ஒரு புள்ளிகூடக் கிடையாது. முதல் இடம் பிடித்த நாடு படத்திலேயே இல்லை.

கணக்கு தப்பில்லை. 2023 கணக்கில் 60 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள், ஒரு நாளைக்கு 13 லட்சம் பீப்பாய் சொச்சம். வகுத்துப் பாருங்கள், அதுதான் வரும். ஆனால் அந்த எண்ணெயில் பெரும் பகுதி இங்கே வந்து நிரப்பிக்கொண்டு போகும் கப்பல்களுடையது. உலகத்திலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம் இதுதான், 2023ல் 5 கோடி டன்னுக்கும் மேல். நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 லட்சம் பீப்பாய். அது எரிவது இந்தியப் பெருங்கடலிலோ பசிபிக்கிலோ. ஊற்றிய இடம் சிங்கப்பூர் என்பதால் கணக்கு எங்கள் தலையில். மிச்சத்திலும் கணிசமான பங்கு இங்குள்ள ஜூரோங் தீவு ரசாயன ஆலைகளுக்குப் போகும் நாப்தா என்ற எண்ணெய்ப் பொருள். அதை யாரும் எரிப்பதில்லை, பிளாஸ்டிக் ஆகிறது. கப்பல் விஷயம் அந்த அமெரிக்கத் தளத்தின் விளக்கக் குறிப்பிலேயே ஒரு வரியில் இருந்தது, 'கப்பல், விமான எரிபொருள் நிரப்பலும் சேர்த்தி' என்று. நான் எண்களை மட்டும் இறக்கினேன், குறிப்பைத் திறக்கவே இல்லை.

இதில் எனக்கு எது உறுத்தியது தெரியுமா? என் மேசை ஜன்னலோரம். இருபதாவது மாடி. எந்நேரமும் பார்த்தால் கடலில் வரிசையாகக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும், பக்கத்தில் எண்ணெய்ப் படகு ஒட்டிக்கொண்டு ஊற்றிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் எங்களுக்குச் சம்பளமே. அதைப் பார்த்துக்கொண்டே அந்த வரைபடத்தைப் போட்டிருக்கிறேன்.

ஜிப்ரால்டர் எங்களைவிட மோசம். நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத பாறை, அதே கப்பல் கதை. பிரிட்டன் ஆட்சிப் பகுதி, தனி நாடில்லை என்று என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இல்லையென்றால் கேப்டன் அதைக் கேட்டிருப்பார், நான் தப்பித்திருப்பேன்.

இந்த இடத்தில் சிலர் வருவார்கள், 'சிங்கப்பூருக்கு வக்காலத்து வாங்குகிறாயா, இருபத்து நாலு மணி நேரமும் ஏசி போடுகிறீர்களே' என்று. ஐயா, இங்கே மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இயற்கை எரிவாயு. ஏசி தப்பு என்றால் அதற்கு எரிவாயு வரைபடம் போடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கப்பலில் ஊற்றி இந்த ஊர் சம்பாதிக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை. சம்பாதிக்கிறது, எனக்கும் அதில் பங்கு வருகிறது. ஆளுக்கு 35 லிட்டர் என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார் என்பதுதான் என் பிரச்சினை.

என்ன நினைப்பார் என்பதற்கு அத்தாட்சி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுமம். கூட்டத்துக்கு முந்தைய இரவே, பெருமையில், படத்தை அங்கே போட்டுத் தொலைத்திருந்தேன். பட்டியலை நான் படிக்கவில்லை, அறந்தாங்கியில் இருக்கும் சித்தப்பா படித்துவிட்டார். "நாங்க இங்க ஆளுக்கு அரை லிட்டரு. நீங்கதான்டா உலகத்தையே கொளுத்துறீங்க" என்று அனுப்பினார். கூடவே மரம் நடும் படம் ஒன்று. சித்தப்பாவிடம் இரண்டு கார் இருக்கிறது. அடுத்த தெருப் பிள்ளையார் கோயிலுக்கு டீசல் வண்டியில் போகிறவர். எனக்கு இங்கே சைக்கிள்கூடக் கிடையாது, எம்ஆர்டி ரயிலும் பஸ்ஸும்தான். இந்த ஊரில் கார் வைத்திருக்கப் பத்து வருட உரிமைச் சீட்டு ஒன்று ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய காருக்கு அது ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) தாண்டியது, அதுவும் வண்டியில்லாமல் வெறும் சீட்டு. ஆனால் வரைபடத்தில் சித்தப்பா வெளிர் மஞ்சள், நான் கருஞ்சிவப்பு. நான் ஊருக்கு வரும்போது திருச்சி விமான நிலையத்துக்குச் சித்தப்பாதான் வண்டி கொண்டு வருவார், பாசம்தான், குறை சொல்லவில்லை. டீசல் காசு மட்டும் ஒவ்வொரு தடவையும் நான்தான் கொடுக்கிறேன். அவர் அதைக் கேட்பதும் இல்லை, பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மொத்த நுகர்வுக்கு நிறம் அடிக்காதீர்கள், வட்டம் போடுங்கள். வட்டத்தின் பரப்புதான் எண்ணுக்கு ஏற்ப மாற வேண்டும். ஆரத்தை மாற்றினீர்களோ, இந்தியாவைப்போல் நாலு மடங்கு வாங்கும் அமெரிக்கா கண்ணுக்குப் பதினாறு மடங்காகத் தெரியும். வட்டம் போட்டால் இன்னொரு லாபம், சிங்கப்பூர் மாதிரிப் புள்ளி நாடுகளும் தெரியும். நிறத்தை ஆள்வீதக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். படிகளைச் சமமாக வெட்டாமல் அரை, ஒன்று, இரண்டு, நாலு, எட்டு லிட்டர் என்று இரட்டித்துக்கொண்டு போங்கள்.

இணையத்தில் வழக்கமாகக் கிடைக்கும் மெர்கேட்டர் வரைபடத்தை எடுக்காதீர்கள். 1569ல் கடலோடிகள் திசை பார்க்கப் போட்டது, பரப்பை ஒப்பிட அல்ல. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு நிற்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினாலு மடங்கு. அறுபதாயிரம் பேர்கூட இல்லாத இடத்துக்கு அவ்வளவு நிறம் எதற்கு? பரப்பைச் சரியாகக் காட்டும் வரைபட வகைகள் கியூஜிஐஎஸ்ஸில் இருக்கின்றன.

அப்புறம் அலகு. இந்திய அரசுக் கணக்கு டன்னில் வரும், அமெரிக்கக் கணக்கு பீப்பாயில். ஒரு டன்னுக்கு 7.33 பீப்பாய் என்று எல்லா இடத்திலும் போட்டிருப்பார்கள். அது கச்சா எண்ணெய்க்கு. பெட்ரோலுக்கு எட்டரை அளவில் வரும், சமையல் கேஸுக்குப் பதினொன்றரைக்கு மேல், கப்பல் எரிபொருளுக்கு ஆறரைக்கும் குறைவு. நம் ஊர் மாதிரி வீட்டுக்கு வீடு சிலிண்டர் இருக்கும் நாட்டை 7.33ல் பெருக்கினால் கணக்கு குறைந்துதான் வரும். சர்வதேச எரிசக்தி முகமை ஆண்டுதோறும் போடும் நாட்டுக் கணக்கிலோ, வெளிநாட்டுக் கப்பல், விமான எரிபொருளை நாட்டிலிருந்து கழித்துத் தனியே உலகக் கணக்காக வைக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் எடுங்கள், இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

நான் இப்படித்தான் திருத்தினேன். சிங்கப்பூருக்கு ஒரு வட்டம், அதற்குள் கப்பல் பங்குக்கு வேறு நிறம், கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரிக் குறிப்பு. கேப்டன் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அது இப்போது எங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. குறிப்பு மட்டும் இல்லை. சட்டத்துக்குள் படம் அடங்கவில்லை என்று மேலாளர் கீழே இரண்டு அங்குலம் வெட்டச் சொல்லிவிட்டாராம்.